பார்க் ஸ்டாப்

அந்த மேட்டுக்கு வேலி கிடையாது. எந்தப் பக்கமும் ஏறலாம், எந்தப் பக்கமும் இறங்கலாம். ஆடுகள் அப்படித்தான் ஏறி இறங்கும். ஆனால் லாத்தா வாசல் வழியாகத்தான் போவாங்க.

வாசல் என்பது இரண்டு பனைமரம். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவு இடம். அதற்கு முன்னால் வந்து நின்று, இடுப்பு உயரத்தில் கையை நீட்டி, எதையோ தூக்கி நகர்த்துகிற மாதிரி செய்வாங்க. என்னை உள்ளே விட்டதும் திரும்பி, மறுபடி அதே கையால் அதை மாட்டுவாங்க. முதல் தடவை நான் பேந்தப் பேந்த முழித்தேன்.

"என்ன லாத்தா பண்றீங்க?"

"கொண்டி போடுறேன். ஆடு வந்துடும்ல."

ஆடு எங்களுக்கு முன்னாலேயே உள்ளே நின்று மேய்ந்துகொண்டிருந்தது.

சீர்காழியிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போகிற ரோட்டில் எங்கள் ஊர். ஊரைத் தாண்டி ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம் போனால் கடல். அங்கேதான் அந்த மணல்மேடு. ஒரு மாடி வீட்டு உயரம் இருக்கும். வயலும் வாய்க்காலுமாகத் தட்டையாகக் கிடக்கிற எங்கள் பக்கத்தில் அதுவே மலை மாதிரி. ஊர்ப்பக்கம் சரிவாக ஏறும். கடல் பக்கம் அலை அரித்து அரித்துச் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். மேலே ராவணன்மீசைப் புல், அடப்பங்கொடி, சில பனைகள், எந்தப் புயலிலோ சாய்ந்து விழுந்த ஒரு பனை. அடியில் பஞ்சாயத்து நட்ட தகரப் பலகை. 'பூங்கா அமையவிருக்கும் இடம்' என்று எழுதியிருந்தார்களாம். உப்புக் காற்றில் துருப்பிடித்து, நான் பார்த்தபோது 'பூங்கா' மட்டும்தான் மிச்சம் இருந்தது. லாத்தாவுக்கு அது போதும்.

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். தெருவே அவங்களை அப்படிக் கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். நான் எட்டாவதோடு படிப்பை விட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். கடைத்தெருவில் ஒரு சின்ன இடத்தில் ஜாக்கெட் தைக்கிறேன். ஒரு நாள் லாத்தா கடைக்கு வந்து, மாடி ரூமுக்கு ஜன்னல் திரை தைக்க வேண்டும், வீட்டுக்கு வந்து அளவெடுத்துக்கொள் என்றாங்க. அப்படித்தான் பழக்கம்.

போனேன். கீழ்வீடு நல்ல வீடு. லாத்தாவின் வீட்டுக்காரர் சவுதியில் இருந்துகொண்டே கட்டியது. மாடிப்படி ஏறினால் வெட்டவெளி. மூலைக்கு மூலை பில்லர் கம்பி துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கொடி கட்டித் துணி காயப் போட்டிருந்தாங்க.

"அங்க நிக்காத புள்ள, அது பாத்ரூம்," என்றாங்க. "இப்படி வா. இதுதான் ரூம்பு. ஜன்னல் ரெண்டு. ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க."

நான் டேப்பை வைத்துக்கொண்டு நின்றேன். லாத்தா காற்றில் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாங்க. இந்தக் கையிலிருந்து அந்தக் கை வரை அளந்தேன்.

"உயரம்?" என்று கேட்டேன். கேட்ட பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"மேலேருந்து ஜன்னக் கட்ட வரைக்கும். தரையில பொரள வேணாம், தூசி."

பச்சைத் துணி, அதில் சின்னச் சின்ன மஞ்சள் பூ. தைத்து முடிக்கிறவரை எனக்கு நிம்மதி இல்லை. நாளைக்கு அவங்க ஆட்கள் வந்து, 'அவங்கதான் கேட்டாங்க, உனக்கு எங்கம்மா போச்சு புத்தி' என்று கேட்டால் என்ன சொல்வது? நடக்காத ஒன்றை நினைத்து, அதற்குப் பதிலும் தயார் செய்துகொள்வது என் வழக்கம். திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லாத்தா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ரூம்புல வெளிச்சம் கொஞ்சம் கொறையும், பரவால்ல," என்று சொல்லி டிரங்குப் பெட்டியில் வைத்தாங்க.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் துணைக்குக் கூப்பிட ஆரம்பித்தாங்க. பிற்பகல் அஸர் தொழுதுவிட்டுக் கிளம்பினால், பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு முன்னால் திரும்பிவிடுவோம். மஃரிபுக்கு முன்னால் பார்க்கைச் சாத்திவிடுவார்கள் என்பாங்க. யார் சாத்துவார்கள் என்று கேட்டேன். "சாத்துவாங்க," என்றாங்க.

எங்கள் ஊரில் வீட்டை விட்டுக் கிளம்பக் காரணம் வேண்டும். கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி, துக்கம். ஆட்டோவில் உட்கார்ந்த உடனே பக்கத்தில் இருப்பவர், "எங்க இவ்வளவு தூரம், என்ன விசேஷம்?" என்பார். சும்மா என்றால் நம்பமாட்டார். எதையோ மறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் நாலு கேள்வி கேட்பார். இந்தக் கேள்விக்கு நான் வீட்டிலேயே பதில் யோசித்துக்கொண்டு கிளம்புவேன். லாத்தாவுக்கு அந்தக் கவலை இல்லை.

"பார்க் ஸ்டாப்ல நிறுத்துங்க தம்பி," என்று ஏறும்போதே சொல்லிவிட்டாங்க.

"இந்த ரோட்டுல பார்க் ஸ்டாப்பா?" என்றார் ஆட்டோக்காரர். "நேத்து வரைக்கும் இல்லியே லாத்தா."

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுறவரு. எறங்குறவங்களுக்குத்தான் தெரியும்."

ஆட்டோவே சிரித்தது. அடுத்த வாரமும் சிரித்தது. மழைக்காலம் முடிவதற்குள், "பார்க் ஸ்டாப் யாரு, எறங்குங்க," என்று ஆட்டோக்காரரே குரல் கொடுக்க ஆரம்பித்தார். மீன் எடுக்கப் போகிற பெண்கள், கூடையைத் தூக்கிக்கொண்டு, "பார்க் ஸ்டாப்புல நிப்பாட்டுய்யா," என்றார்கள். அவர்களில் யாரும் அங்கே பார்க்கைப் பார்த்ததில்லை.

மேட்டில் லாத்தாவுக்கு எல்லாம் இருந்தது. விழுந்த பனை, பெஞ்சு. ஊர்ப்பக்கச் சரிவின் அடியில் மணல் கொஞ்சம் குழிந்த இடம், பிள்ளைகளின் ஊஞ்சல். அதன் குறுக்கே நான் நடந்துவிட்டால், "ஆடுற ஊஞ்சல்ல அடிபடப் போற, சுத்தி வா," என்பாங்க. கடல் ஓரத்தில் கம்பித் தடுப்பு. அதை மட்டும் தாண்டமாட்டாங்க.

ஓரம் என்றால் எனக்கு உயிர் போகும். அந்த மேட்டின் விளிம்பு கீழே அரித்துப்போய், மேலே புல் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறதோ என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். முதல் முறை நான் லாத்தாவின் புர்காவைப் பிடித்து இழுத்தேன். "விடு புள்ள, கம்பி இருக்கு," என்றாங்க. இல்லாத கம்பியை நம்பிச் சாய்ந்துவிடப் போகிறாங்களே என்று எனக்கு இன்னும் பயம். ஆனால் கவனித்துப் பார்த்தேன். விளிம்புக்கு ஒரு ஆள் படுக்கிற தூரம் இருக்கும்போதே நின்றுவிடுவாங்க. ஒவ்வொரு வாரமும் அதே இடம். கொஞ்ச நாளில் நானும் அங்கே வந்தால் நின்றேன். நின்றதும் பயம் அடங்கியது. அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

தெருவில் லாத்தாவைப் பற்றிச் சொல்லும்போது நெற்றிப் பக்கம் விரலைச் சுற்றிக் காட்டுவார்கள். எனக்கும் சந்தேகம் இருந்தது. ஒரு நாள் பனைமேல் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"லாத்தா, கோவிச்சுக்காதீங்க. இங்க பார்க்கு இல்ல, அங்க மாடியில ரூமு இல்ல. அது ஒங்களுக்குத் தெரியும்ல?"

வாயில் இருந்த முறுக்கோடு அவங்க சிரித்ததில் புரை ஏறியது. தண்ணீர் கொடுத்தேன்.

"எனக்கென்ன கண்ணு தெரியலியா? இல்லேன்னு எனக்கும் தெரியும். ஆனா அதெல்லாம் வர்றப்ப எங்க நிக்கிறதுன்னு தெரியாம முழிக்கக் கூடாதுல்ல. அதான் இப்பவே பழகிக்கிறேன்." தண்ணீரைக் குடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "நீ மட்டும் என்ன? வர்ற வழியெல்லாம் அடுப்ப அணைச்சேனா, வீடு எரியுதான்னு எரியாத வீட்டப் பாத்துக்கிட்டே வந்த. நான் ரூம்பு கட்டுறேன், நீ வீட்டக் கொளுத்துற. அவ்வளவுதான் வித்தியாசம்."

அப்புறம் வீட்டுக்காரர் வந்தார். அவர் வருவார் என்பதையே தெருவில் பாதிப் பேர் நம்பவில்லை. மாடி ரூம் கணக்கில் அதையும் சேர்த்திருந்தார்கள். கூடத்தில் ஜன்னலோரம் அவருக்கென்று ஒரு சாய்வு நாற்காலி, சட்டை மாட்ட ஒரு ஆணி, ஓதுகிற தஸ்பீஹ் மணிமாலை வைக்க ஒரு சின்னப் பலகை. "அது அவுக எடம்," என்று லாத்தா யாரையும் உட்கார விடமாட்டாங்க. வந்தவர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை எங்கே விடுவது என்று தெரியாமல் வாசல் நடையில் நின்றார்.

"உள்ள வாங்க. உக்காருங்க, உங்க எடம்தான்," என்றாங்க லாத்தா.

அவர் கதவோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில், விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்தார். அது நான் போனால் உட்காருகிற நாற்காலி. சாய்வு நாற்காலிக்கு அவர் மாற ரொம்ப நாள் ஆயிற்று. லாத்தா வற்புறுத்தவில்லை. "எனக்குப் பழகி எத்தன வருஷம் ஆச்சு. அவுகளுக்கு இப்பத்தான," என்றாங்க.

நல்ல மனிதர். முழங்கால் இரண்டும் போய்விட்டிருந்தது. படி ஏற முடியாது. ஏற முடியாதவருக்கு எதற்கு மாடி என்று, கம்பிகளை அறுத்து, மழை இறங்காமல் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டார்கள். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். லாத்தா மேலே வரவில்லை. கொத்தனாருக்கு டீ போட்டுக் கீழிருந்தே கொடுத்தனுப்பினாங்க. அந்த வாரம் மேட்டுக்குப் போனபோது வழக்கத்தைவிட அதிக நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாங்க. "இனிமே ஏறி நிக்க இது ஒண்ணுதான் புள்ள," என்று மட்டும் சொன்னாங்க.

அதுவும் போகிற மாதிரி வந்தது.

"லாத்தா, ஒங்க பார்க்கு வந்துருச்சு," என்றார் ஆட்டோக்காரர் ஒரு நாள். "காலையிலேருந்து ஜேசிபி ஓடுது."

லாத்தா அப்படி வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. போய்ப் பார்த்தால், ஊர்ப்பக்கச் சரிவின் அடியை வெட்டி எடுத்திருந்தார்கள். ஊஞ்சல் இருந்த இடம் போய்விட்டது. பரம்படித்த வயல் மாதிரி மண் மட்டமாகக் கிடந்தது. வேலை முடிந்து மிஷின் ஓரமாக நின்றது. லாத்தா பனைகளுக்கு முன்னால் கொண்டிக்குக் கையை நீட்டியவங்க, அப்படியே நின்றுவிட்டாங்க.

"நெரவுறாங்க," என்றாங்க.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? பார்க் எப்போது வரும் என்று கிராம சபைக் கூட்டம்தோறும் எழுந்து கேட்டதே லாத்தாதான். கூட்டத்தில், 'மொதல்ல எடத்த நெரவிடுவோம்' என்று தலைவர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். யாருக்கும் அது தவறாகப் படவில்லை. நாங்கள் எல்லோரும் நெல் விளைகிற பக்கத்து ஆட்கள். நிலம் என்று ஒன்று கைக்கு வந்தால் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு மட்டம் செய்வோம். என் அப்பா அப்படித்தான் செய்தார். சாப்பிடுமுன் கை கழுவுவது மாதிரி அது. அந்த இடத்தில் மேட்டை எடுத்துவிட்டால் அப்புறம் ஒன்றுமே இல்லை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"நெரவுறதுன்னா பள்ளத்தத் தூத்துவாங்கன்னுல்ல நெனச்சேன்," என்றாங்க லாத்தா.  வீட்டுக்குப் போகிறவரை எனக்கு வாய் ஓயவில்லை. போலீஸ் வருமா, வழக்குப் போடுவார்களா, நாம் போய் நின்றால் மிஷினை மேலே ஏற்றிவிடுவார்களா என்று.

மறுநாள் காலையில் டிரங்குப் பெட்டியில் இருந்த திரைகளோடு வந்து என்னையும் மேட்டுக்குக் கூட்டிப் போனாங்க. இரண்டையும் ஒன்றாக முடிந்து, பனைக்கும் பனைக்கும் நடுவே கட்டினோம். கடல் காற்றில் பச்சைத் துணி படபடவென்று அடித்தது.

மிஷின் ஓட்டுபவர் வந்தார். நடுவயசு, தலையில் துண்டு. மிஷினில் ஏறப் போனவர் துணியைப் பார்த்தார். இறங்கினார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக எங்களிடம் வந்தார்.

"தெரியாதும்மா," என்றார். "இங்க யாரோ பெரியவங்க அடங்கியிருக்காங்கன்னு யாரும் சொல்லல."

பச்சைத் துணியைப் பார்த்துத் தர்கா என்று நினைத்துவிட்டார், எனக்குப் போன உயிர் வந்தது. லாத்தாவின் காதில், "விடுங்க லாத்தா, அவரே நெனச்சுக்கிட்டாரு, நம்மளா சொன்னோம்," என்றேன்.

"அப்புறம் உண்டியல் வப்பாங்க, ஷெட்டு போடுவாங்க. பார்க்கு எங்க இருக்கும்?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவரைப் பார்த்து, "செருப்பப் போட்டுக்கங்க தம்பி, முள்ளு. இது ஜன்னல் தெர," என்றாங்க.

"எந்த ஜன்னல்?"

"எங்க மாடி ரூம்பு ஜன்னல்."

"மாடி எங்கம்மா இருக்கு?"

"கட்டல."

அவர் என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன்.

"அப்ப இங்க ஏன் கட்டியிருக்கீங்க?"

"வாசல் எங்க இருக்குன்னு தெரியணும்ல. நேத்து நீங்க சொவத்து வழியா வந்துட்டீங்க."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "இன்ஜினியர் மட்டம் பண்ணச் சொல்லியிருக்காருமா. மேடும் பள்ளமுமா இருந்தா எப்படி? நெலம்னா தண்ணி ஒரே சீரா நிக்க வேணாமா?" என்றார்.

"எந்த ஊரு நீங்க?"

"திருவாரூர் பக்கம்."

"அதான். இங்க யாரு தண்ணி கட்டப் போறா? நாத்தா நடப் போறோம்?"

அவர் லேசாகச் சிரித்துவிட்டார். "பழக்கம்மா."

"மேல ஏறிப் பாத்தீங்களா?"

"வேல கீழதான. மேல எதுக்கு?"

"ஒருவாட்டி ஏறிப் பாருங்க. பாத்துட்டு நெரவுங்க, நான் தடுக்கல."

லாத்தா திரையை ஒதுக்கி, கொண்டியைத் தூக்கி, அவரை உள்ளே விட்டு, மறுபடி போட்டாங்க. அவர் மெதுவாக என்னிடம், "என்னம்மா செய்யிறாங்க?" என்றார்.

"கொண்டி," என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகவே இல்லை.

மேலே போனதும் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒரு பக்கம் கடல். திரும்பினால் வயல், வயல், வயல். அதற்குள் கோடு கிழித்த மாதிரி வாய்க்கால்கள். தெற்கே ஆறு கடலில் போய்ச் சேருகிற இடம். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர், அதை அவர் மேலிருந்து பார்த்ததில்லை போல.

"எங்க ஊர்ல ஏறி நிக்கணும்னா வைக்கப்போருதாம்மா," என்றார். "ஏறுனா எங்கப்பா தோல உரிச்சுடுவாரு."

சொல்லிக்கொண்டே கடலைப் பார்த்து நடந்தார். நானும் லாத்தாவும் ஒரே நேரத்தில், "கம்பி, கம்பி," என்றோம். என்ன கம்பி என்று தெரியாமலே நின்றார். நேற்றெல்லாம் மிஷின் அதிர்ந்ததாலோ என்னவோ, அவர் காலுக்கு முன்னால் இருந்த விளிம்பு, புல்லோடும் கொடியோடும், குழம்பு ஊற்றிய சோறு சரிவது போலச் சத்தமில்லாமல் கீழே இறங்கியது. அவர் அசையவில்லை. பயத்தில் கை மட்டும் எதையோ பிடிக்கிற மாதிரி முன்னால் நீண்டிருந்தது.

"கம்பி எங்க இருக்கு?" என்றார்.

"புடிச்சிருக்கீங்களே," என்றாங்க லாத்தா.

கீழே வந்ததும் போனை எடுத்தார். "சார், மண்ணு சரியுது சார். மேல கை வச்சா மிஷினோட கடலுக்குள்ள போயிருவேன். இல்ல சார், என் கண்ணு முன்னாடி எறங்குச்சு. கீழ் மட்டும் முடிச்சாச்சு." போனை வைத்துவிட்டு லாத்தாவைப் பார்த்து, "இதுக்கு மேல அவங்க வேற மிஷின அனுப்புனா எனக்குத் தெரியாதும்மா," என்றார்.

வேறு மிஷின் வரவில்லை. நிரவிய இடத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு மட்டும் போட்டுவிட்டுப் போனார்கள். மழைக்கு அங்கே தண்ணீர் ஒரே சீராக நிற்கிறது. தவளைகள்தான் உட்காருகின்றன. ஊஞ்சல் போனது போனதுதான். மேடு நின்றது.

லாத்தா இப்போது இங்கே இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் வீட்டுக்காரரின் தம்பிக்குத் தென்னந்தோப்பு. அங்கே படி இல்லாத வீடாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போனில் பேசினால், "பார்க்கு நல்லாருக்கா?" என்பாங்க. இருக்கு என்பேன். திரைகளைப் பனையிலேயே விட்டுவிட்டுப் போனாங்க. காற்று கிழித்து, காக்கை இழுத்து, ஒரு பச்சை நாடா மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் சில ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போகிறேன். பனைகளுக்கு நடுவேதான் போகிறேன், ஆனால் கையை நீட்டுவதில்லை. லாத்தா பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை. தனி ஆளாக நின்று காற்றில் கொண்டியைத் தூக்கினால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பேசாமல் நடந்து போய்விடுவேன்.

போன வாரம் மேலே பனைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கீழே ஒரு வேன் வந்து நின்றது. மிஷின் ஓட்டியவர்தான். கூட அவர் மனைவி, வயதான ஒரு அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். பிள்ளைகள் நேராகச் சரிவில் ஏறப் பார்த்தார்கள்.

"அங்க இல்ல, அங்க இல்ல. வாசல் இந்தப் பக்கம்," என்றார் அவர்.

"எங்கங்க வாசல்?" என்றாள் மனைவி.

"வா, காட்டுறேன். மேல கம்பி இருக்கு, அதத் தாண்டி யாரும் போகக் கூடாது."

பனைகளுக்கு முன்னால் நின்று, இடுப்பு உயரத்தில் கையை நீட்டி, தூக்கி நகர்த்தினார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் கண்டுகொள்ளவில்லை. அந்த அம்மாவைக் கைபிடித்து உள்ளே விட்டார், பிள்ளைகளை விட்டார், சிரிக்கிறவளையும் விட்டார். எல்லோரும் ஏற ஆரம்பித்த பிறகு, தான் மட்டும் திரும்பிப் போய்க் கொண்டியைப் போட்டார்.

மஃரிப் நேரம் நெருங்கியது. நான் எழுந்து இறங்கினேன். அவர் போட்டுவிட்டாரே, அதனால் கொண்டியைத் திறந்துதான் நான் வெளியே வர வேண்டியிருந்தது.